மாத்திரை அட்டையில் இருக்கும் இரண்டாவது பெயர்

ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. தங்கைக்கு ஏழாம் மாசம் வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தோம். அடுத்த வாரமே செக்கப்பில் ஹீமோகுளோபின் 8.6 என்று வந்தது. கர்ப்பிணிகளுக்கு 11க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்டதும் தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சாப்பிட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, அதனால் ரெண்டு மாசமாகவே சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாவும் அவள் கட்சிதான்.

"அது சூடுடா. பிள்ளை கறுப்பா பொறக்கும்னு சொல்றாங்க. பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழம், முருங்கைக்கீரைன்னு குடுத்து இயற்கையாவே ஏத்திடலாம். நாங்கள்லாம் மாத்திரை சாப்பிட்டா உங்களைப் பெத்தோம்?"

இதற்கு நான் சொன்ன பதில் எதுவும் எடுபடவில்லை. எனக்கே முழுசாகத் தெரியாத விஷயத்தை சத்தமாகப் பேசினேன், அவ்வளவுதான். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு அந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று இரும்பு. இன்னொன்று போலிக் அமிலம். இரும்பு சரி, ரத்தத்துக்கு. இந்த இரண்டாவது ஆள் யார்? எப்போது, எதற்காக வந்து சேர்ந்தார்?

தேடப் போன இடம் மும்பை, குன்னூர் வழியாகக் கடைசியில் நம்ம திருவல்லிக்கேணிக்கே கொண்டுவந்து விட்டது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

முதல் பெயர்: இரும்பு

வெளுத்த உடம்புக்கு இரும்பைக் கொடுப்பது புதுப் பழக்கம் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தாமஸ் சிடன்ஹாம் என்ற மருத்துவர் இரும்புத் தூளை மருந்தாகக் கொடுத்திருக்கிறார். 1832ல் பிரான்சில் பியர் ப்ளோ என்பவர் இரும்பு சல்பேட்டையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் சேர்த்து உருட்டிய மாத்திரை, அடுத்த நூறு வருஷம் உலகம் முழுக்க ஓடியது. நம்ம பக்கம் பாண்டு நோய்க்கு சித்த வைத்தியர்கள் அயச்செந்தூரம் கொடுத்தார்கள். 'அயம்' என்றால் இரும்பு. அதாவது நம் பாரம்பரிய வைத்தியமும் "கீரையைச் சாப்பிடு, போதும்" என்று விட்டுவிடவில்லை. இரும்பையே செந்தூரமாக்கி உள்ளே அனுப்பியது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, எங்கள் வீட்டுச் சண்டை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் அப்படியே நடந்திருக்கிறது என்பது. பாசல் நகரத்தில் பேராசிரியராக இருந்த குஸ்டாவ் ஃபான் பூங்கே பெரிய உடலியல் விஞ்ஞானி. அவர் அம்மா கட்சி. உணவில் இருக்கும் இரும்பைத்தான் உடம்பு எடுத்துக்கொள்ளும், மருந்துக் கடை இரும்பை உறிஞ்சாது என்றார். "அப்புறம் எப்படி ப்ளோ மாத்திரையில் குணமாகிறது?" என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தார். குடலில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் உணவின் இரும்பைப் பிடித்து வீணாக்குகின்றன, மாத்திரை இரும்பு அந்தக் கந்தகத்தோடு சேர்ந்து, உணவு இரும்பைக் காப்பாற்றுகிறது, அவ்வளவுதான் என்றார்.

1893ல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ரால்ப் ஸ்டாக்மன் இதைச் சோதித்தார். நான் பிழைப்புக்குச் செய்வது மென்பொருளில் பிழை தேடும் வேலை. அந்தக் கண்ணால் பார்த்தால் இது அழகான சோதனை. சில பெண்களுக்கு இரும்பை வாய்வழியாகக் கொடுக்காமல் தோலுக்கு அடியில் ஊசியாகப் போட்டார். குடல் பக்கமே போகவில்லை, ஆனாலும் குணமானது. இன்னும் சிலருக்கு இரும்பு சல்பைடு கொடுத்தார். அது ஏற்கெனவே கந்தகத்தோடு சேர்ந்த இரும்பு. குடலில் இருக்கும் கந்தகத்தைப் பிடிக்க அதில் இடமே இல்லை. அப்போதும் குணமானது. பூங்கேயின் வாதம் இரண்டு பக்கமும் அடைபட்டுப் போனது. மருந்து இரும்பும் ரத்தத்தில்தான் போய்ச் சேருகிறது.

ஒரு சின்னக் கணக்கு

சரி, உணவால் முடியாதா? கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமாகச் சுமார் 1000 மி.கி. இரும்பு கூடுதலாகத் தேவைப்படுகிறது. குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் ஒரு பங்கு, தாயின் ரத்தம் பெருகுவதற்கு ஒரு பங்கு, உடம்பிலிருந்து வழக்கமாக இழப்பாவது ஒரு பங்கு. இது ஒன்பது மாசத்துக்கும் சமமாகப் பிரிவதில்லை, பின்பாதியில் குவிகிறது. கடைசி மாதங்களில் நாள் ஒன்றுக்குச் சுமார் 6 மி.கி. இரும்பு ரத்தத்துக்குள் போயாக வேண்டும். சாப்பிட வேண்டிய அளவு இல்லை, உறிஞ்சப்பட வேண்டிய அளவு.

100 கிராம் பீட்ரூட்டில் இருப்பது சுமார் 0.8 மி.கி. மாதுளையில் 0.3. சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஆகும் என்பது கண் சொல்லும் பொய். பீட்ரூட்டின் சிவப்பு வேறொரு நிறமி, இரும்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முருங்கைக்கீரை பரவாயில்லை, 100 கிராமில் சுமார் நாலரை மி.கி. ஆனால் தாவர இரும்பில் உடம்பு உறிஞ்சுவது பெரும்பாலும் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. ஐந்து என்று வைத்தால் 100 கிராம் கீரையிலிருந்து ரத்தத்துக்குப் போவது 0.2 மி.கி. சொச்சம். கீரையை மட்டுமே நம்பினால் தினமும் இரண்டரை கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும்! மற்ற சாப்பாட்டிலிருந்தும் வரும், பற்றாக்குறை இருந்தால் உறிஞ்சும் விகிதம் தானே கூடவும் செய்யும் என்பது உண்மைதான். ஆனாலும் 8.6ல் நிற்பவள், மீதி இருக்கும் பத்து வாரத்தில் ஏறி வர அது போதாது. மாத்திரையில் 60 மி.கி. இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு உறிஞ்சினாலும் 6 மி.கி. ஆச்சு.

இத்தோடு முடிந்தது, அம்மா தப்பு, நான் சரி என்று நினைத்தேன். அப்போதுதான் லூசி வில்ஸ் குறுக்கே வந்தார்.

இரும்புக்கு அசையாத சோகை

1928. பம்பாய். கர்ப்பிணிகளுக்கு வரும் ஒரு கடுமையான ரத்தசோகை மருத்துவர்களைத் திணற வைத்துக்கொண்டிருந்தது. உயிரையே எடுக்கும் அளவு ரத்தம் குறையும். இரும்பு கொடுத்தால் அசையவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தாலும் இது வேறு மாதிரி. இரும்புப் பற்றாக்குறையில் சிவப்பணுக்கள் சின்னதாக, வெளிறிப்போய் இருக்கும். இங்கே அணுக்கள் பெரிசு பெரிசாக, ஆனால் எண்ணிக்கையில் குறைவாக இருந்தன.

பெண்கள் மருத்துவச் சேவையில் இருந்த டாக்டர் மார்கரெட் பால்ஃபர் அப்போது இந்தியாவில் பிரசவகால மரணங்கள் பற்றிய விசாரணையில் இருந்தார். அவர் அழைத்து வந்தவர்தான் லூசி வில்ஸ். 1888ல் பர்மிங்ஹாம் பக்கத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்தார், பிறகு லண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியில் சேர்ந்து 1920ல் டாக்டர் ஆனார். இந்தியாவுக்கு வரும்போது நாற்பது வயது. பரேலில் இருக்கும் ஹாப்கின் நிறுவனத்தில் வேலை.

அந்தக் காலத்து மருத்துவர்கள் பலர் கிருமியைத் தேடிக்கொண்டிருக்க, வில்ஸ் போய்ப் பார்த்தது சமையலறையை. எந்தப் பெண்களுக்கு இந்தச் சோகை அதிகம் வருகிறது, அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுக் குறித்தார். ஏழை முஸ்லிம் பெண்களிடம் நோய் அதிகம் இருந்தது, அவர்கள் சாப்பாடுதான் மற்ற எல்லாரையும் விட மோசமாகவும் இருந்தது. வசதியான வீடுகளில் நோய் குறைவு. குறை சாப்பாட்டில்தான், ஆனால் எந்தப் பொருள் குறைகிறது?

அதே மாதிரிச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சோகை வந்தது. ஈஸ்ட் சேர்த்தால் தடுக்க முடிந்தது. ஆனால் எலிகளுக்குப் பேன் தொற்று இருந்தது தெரிய வந்து, சோகை அதனாலும் வந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. டெஸ்ட் சர்வரே கெட்டுப்போனால் முடிவை நம்ப முடியுமா? சலிக்காமல் குரங்குகளை வைத்து மறுபடி ஆரம்பித்தார். அதற்கும் அந்த ஏழைச் சாப்பாடுதான், அதற்கும் சோகைதான். ஒவ்வொரு சத்தாகச் சேர்த்துப் பார்த்ததில் கைகொடுத்தது ஒரே ஒரு பொருள். மார்மைட்.

மார்மைட் இலங்கை நண்பர்களுக்கு நன்றாகத் தெரியும், பாணில் தடவிச் சாப்பிடுவார்கள். இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்தில் 1902ல் தொடங்கிய பொருள். பீர் காய்ச்சி முடித்ததும் அடியில் தங்கும் ஈஸ்டை உப்புப் போட்டுச் சிதைத்து, வடிகட்டிச் சுண்டவைத்த கருப்புக் குழம்பு. மதுபான ஆலையின் கழிவு என்றே சொல்லலாம். அதை அந்தக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார். சில நாளிலேயே ரத்தத்தில் புது அணுக்கள் பெருக ஆரம்பித்தன, பெண்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். 1931 ஜூனில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வெளிவந்தது.

வேறு மருந்தே இல்லையா என்றால், ஈரல் இருந்தது. 1926ல் அமெரிக்காவில் மைனாட்டும் மர்ஃபியும் வேறொரு கொடிய சோகைக்கு ஈரல் சாப்பிட வைத்துக் குணப்படுத்தியிருந்தார்கள், பின்னால் 1934ல் நோபல் பரிசும் கிடைத்தது. ஈரல் சாறு பம்பாய் பெண்களுக்கும் வேலை செய்தது, ஆனால் விலை அதிகம். மார்மைட் மலிவு, சைவம் சாப்பிடுபவர்களுக்கும் கொடுக்கலாம்.

இந்த இடத்தில் வில்ஸ் ஒன்றைக் கவனித்தார். ஈரல் சாற்றை நன்றாகச் சுத்திகரித்துக் கொடுத்தால் அமெரிக்கர்கள் பார்த்த சோகை குணமாகிறது, பம்பாய்ச் சோகை குணமாகவில்லை. சுத்திகரிக்காத சாறாக இருந்தால் இரண்டுமே குணமாகின்றன. அப்படியென்றால் ஈரலில் இருப்பது ஒரு மருந்து இல்லை, இரண்டு. ஒன்று சுத்திகரிப்பில் தப்பிக்கிறது, இன்னொன்று போய்விடுகிறது. 1937ல் இதை எழுதினார். அந்தத் தப்பிய பொருளுக்கு 1948ல்தான் வைட்டமின் பி12 என்று பெயர் வந்தது. போய்விட்ட பொருளை அப்போதைக்கு 'வில்ஸ் காரணி' என்று அழைத்தார்கள்.

குன்னூரும் கோஷா ஆஸ்பத்திரியும்

வில்ஸ் பம்பாயிலேயே இருந்துவிடவில்லை. 1929ல் சில மாதம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை செய்தார். அங்கே உணவுச் சத்து ஆராய்ச்சியை நடத்திக்கொண்டிருந்தவர் ராபர்ட் மெக்காரிசன். 1931 தொடக்கத்தில் சென்னைக்கு வந்து கோஷா ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி செய்தார்.

சென்னைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். 1885ல் ஆரம்பித்த, கோஷா பெண்களுக்கும் ஆண் டாக்டரிடம் போகத் தயங்கிய மற்றப் பெண்களுக்குமான மருத்துவமனை. இன்றைக்கு அதன் பெயர் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. ஆனாலும் ஆட்டோக்காரரிடம் "கோஷா ஆஸ்பத்திரி" என்றால்தான் உடனே புரியும். அந்த வழியாக நான் எத்தனையோ தடவை பைக்கில் போயிருக்கிறேன். மேட்ச் பார்க்கப் போகும்போது அந்தப் பக்கம் வண்டி நிறுத்தியிருக்கிறேன். உள்ளே என்ன நடந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

வில்ஸ் காரணிக்குச் சரியான பெயர் கிடைக்க இன்னும் பத்து வருஷம் ஆனது. 1941ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் மூவரும் சுமார் 4 டன் பாலக் கீரையை அரைத்துப் பிழிந்து ஒரு அமிலத்தைப் பிரித்தார்கள். இலைக்கு லத்தீனில் 'ஃபோலியம்'. அதிலிருந்து போலிக் அமிலம், தமிழில் சொன்னால் 'இலை அமிலம்'. கீரையில் இருந்ததும் ஈஸ்டில் இருந்ததும் ஈரலில் இருந்ததும் ஒரே சத்துதான் என்று பிறகு தெளிவானது.

அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செய்து காட்டியது 1945ல், அமெரிக்காவின் லெடர்லே நிறுவனத்தில். அந்த ஆராய்ச்சியின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895ல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குச் சகோதரர்களைப் பறிகொடுத்தவர். அந்த நோய்க்கும் மருந்து இதே போலிக் அமிலம்தான். மெட்ரிகுலேஷனில் தவறித் தவறிக் கடைசியில் தேறியது எந்தப் பள்ளியில் தெரியுமா? திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி. பிறகு படித்தது சென்னை மருத்துவக் கல்லூரி. பையன் படித்த பள்ளியிலிருந்து, வில்ஸ் பின்னால் வந்து வேலை செய்த கோஷா ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். இருவரும் சென்னையில் சந்தித்துக்கொள்ள வாய்ப்பில்லை. வில்ஸ் சென்னைக்கு வந்தபோது சுப்பாராவ் அமெரிக்கா போய் வருஷங்கள் ஆகியிருந்தன. ஒருவர் தேடிய பொருளை இன்னொருவர் செய்துமுடித்தார்.

அப்போ யார் சொன்னது சரி?

இங்கேதான் என் வீம்பு கொஞ்சம் இறங்கியது.

வில்ஸ் கொடுத்தது மாத்திரை இல்லை, சாப்பாடு. அதுவும் ஆலைக் கழிவிலிருந்து வந்த மலிவான சாப்பாடு. அன்றைக்கு இரும்பு மருந்தால் முடியாததை அது செய்தது. ஆக "உணவால் ரத்தத்தை ஏற்ற முடியும்" என்று அம்மா சொன்னது அப்படியே புரளி இல்லை. எந்தச் சத்து குறைகிறதோ, அது போதுமான அளவு அந்த உணவில் இருந்தால் முடியும். போலேட்டுக்குத் தேவை மைக்ரோகிராம் கணக்கில், அதனால் கீரையும் பயறும் ஈரலும் கணிசமாகக் கைகொடுக்கும். அதிலும் கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால் போலேட்டின் பெரும்பங்கு தண்ணீரோடு போய்விடும். இரும்புக்குத் தேவை மில்லிகிராம் கணக்கில். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அந்த எண்ணை உணவு மட்டும் எட்டுவது கஷ்டம்.

அதே மாதிரி "இரும்பு மாத்திரைதான் எல்லாம்" என்ற என் கட்சியும் அரைகுறை. பம்பாய்ப் பெண்களுக்கு இரும்பை மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்திருந்தால் செத்துப்போயிருப்பார்கள்.

வில்ஸுக்கு இது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். லண்டன் திரும்பிய பிறகு அவர் கையில் எடுத்த கேள்விகளில் ஒன்று இரும்பு. போர்க்கால ரேஷனும், வழக்கமாகக் கொடுக்கும் இரும்பு மருந்தும் கர்ப்பிணிகளின் ஹீமோகுளோபினை என்ன செய்கின்றன என்று ஆராய்ந்து, சக ஆய்வாளர்களோடு 1947ல் கட்டுரை வெளியிட்டார். மார்மைட்டில் பெயர் வாங்கியவர் "எல்லாத்துக்கும் மார்மைட்" என்று கடை போடவில்லை. 1964ல் இறந்தார்.

இந்தியாவில் 1970ல் தேசிய ரத்தசோகைத் தடுப்புத் திட்டம் தொடங்கியபோது இரண்டும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வந்தன. இன்று கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் மாத்திரையில் 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் போலிக் அமிலம், குறைந்தது 180 நாள். இத்தனைக்குப் பிறகும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாத்திரை வீட்டுக்கு வந்தும் வயிற்றுக்குள் போகாமல் நிற்பதும் இதற்கு ஒரு காரணம். எங்கள் வீட்டிலேயே அலமாரியில் மூணு அட்டை இருந்தது.

உங்கள் கையில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இருந்தால் எம்சிவி என்ற வரியைப் பாருங்கள். சிவப்பணுவின் சராசரி அளவு அது, 80 முதல் 100 வரை சாதாரணம். குறைந்தால் இரும்பைச் சந்தேகப்படுவார்கள், கூடினால் போலேட்டையோ பி12ஐயோ. வில்ஸ் நுண்ணோக்கியில் பார்த்ததை இன்று மெஷின் எண்ணாகக் கொடுக்கிறது. ஒரு சிக்கல் உண்டு. இரண்டு சத்தும் சேர்ந்து குறைந்தால், ஒன்று சின்னதாக்க இன்னொன்று பெரிசாக்க, சராசரி சாதாரணமாகத் தெரியும். இரண்டு பிழை ஒன்றை ஒன்று மறைக்கும் கேஸ். அதனால் இந்த எண்ணை வைத்து நாமே முடிவெடுக்காமல் டாக்டரிடம் காட்டிக் கேட்பது நல்லது.

மறுநாள்

மறுநாள் காலையில் நான் அம்மாவிடம் விவாதம் செய்யவில்லை. லூசி வில்ஸ் கதையைச் சொன்னேன். கோஷா ஆஸ்பத்திரி என்றதும் அம்மா நிமிர்ந்தார். "அங்கதான்டா உங்க பெரியம்மாவுக்குப் பிரசவம் ஆச்சு" என்றார். அதற்கப்புறம் பேச்சு சுலபமாகப் போனது. மாத்திரைக்குள் இருப்பது இரும்பும் இலைச்சத்தும்தான், உன் கீரைக்கு எதிரி இல்லை, அந்த இலைச்சத்தை முதலில் பிரித்ததே கீரையிலிருந்துதான் என்றேன். மலம் கறுப்பாவது உறிஞ்சாத இரும்பு வெளியே போவதால்தான், குழந்தையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றும் சொன்னேன்.

டாக்டரிடம் குமட்டலைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னோம். அவர் வேறு வகை இரும்பு உப்புக்கு மாற்றி, ராத்திரி படுக்கும் முன்பு சாப்பிடச் சொன்னார். எங்கள் வீட்டில் சாப்பாடு முடிந்த கையோடு டீ குடிப்பது வழக்கம். டீ இரும்பை உறிஞ்சவிடாமல் செய்யும். தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 1975லேயே அரிசிச் சாப்பாட்டோடு டீ கொடுத்து இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். டீயைச் சாப்பாட்டிலிருந்து தள்ளி வைத்தோம். சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய் சேர்ந்தது, அதில் இருக்கும் வைட்டமின் சி தாவர இரும்பை உள்ளே இழுக்கும். முருங்கைக்கீரை அம்மா பொறுப்பில் தொடர்ந்தது, பீட்ரூட்டும்தான். அது சத்துக்காக இல்லை, சமாதானத்துக்காக.

பிரசவத்துக்கு முன் கடைசிப் பரிசோதனையில் 10.4 வந்தது. 11 வரவில்லை. ஆனால் ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வரவில்லை. பையன் பிறந்தான். அவன் நிறத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வில்ஸின் கட்டுரைகளில் நோயாளிகளின் பெயர் இருக்காது, இருக்கவும் கூடாது. ஆனால் பம்பாயிலும் சென்னையிலும் விரலை நீட்டி ரத்தம் கொடுத்த, வாயில் வைக்க முடியாத அந்த உப்புக் குழம்பை முழுங்கிய அந்தப் பெண்கள் இல்லாமல் அட்டையில் அந்த இரண்டாவது பெயர் இல்லை. உங்கள் வீட்டு அலமாரியிலும் தொடாத அட்டை ஒன்று கிடந்தால், ஏன் தொடவில்லை என்று அந்தப் பெண்ணிடம் திட்டாமல் கேட்டுப் பாருங்கள். நான் அந்தக் கேள்வியை ரெண்டு மாசம் முன்னாடியே கேட்டிருக்கலாம்.